வேண்டுமென்று செய்யவில்லை என்றால் தண்டனை இல்லையா? குற்ற நோக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தியக் குற்றவியல் சட்டத்தைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவும், அதற்கு முன் நடந்தவற்றுக்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் பொருந்தும். பிரிவு எண்கள் மாறினவே தவிர, குற்றம் செய்தவரின் மனநிலையைப் பற்றிய அடிப்படை விதிகள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. ஆகவே பழைய தீர்ப்புகளை நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாளுகின்றன. கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் புதிய சன்ஹிதாவினவை. 'பழைய' என்று சேர்த்துச் சொல்பவை 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தினவை.

'வேண்டுமென்று செய்யவில்லை' என்று சொன்னால் வழக்கு முடிந்துவிடுமா?

முடியாது. காவல் நிலையத்துக்கு வரும் உறவினர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான். உயிரிழப்பு நேர்ந்த வழக்குகளில் சட்டம் கேட்பது ஒரு கேள்வியை அல்ல, மூன்று கேள்விகளை. அந்த விளைவு நேர வேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இருந்ததா? நோக்கம் இல்லாவிட்டாலும், தன் செயலால் அது நேரக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா? அதுவும் இல்லையென்றால், சராசரி மனிதர் ஒருவர் எடுத்துக்கொள்ளும் கவனத்தை அவர் எடுத்துக்கொள்ளத் தவறினாரா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் கொலைக் குற்றச்சாட்டு பெரும்பாலும் விலகும். அப்போதும் மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். மூன்றுக்கும் இல்லை என்ற பதில் கிடைத்தால்தான் அது 18-ஆவது பிரிவு சொல்லும் விபத்தாகும். அந்தப் பிரிவும்கூட, செய்த செயல் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் உரிய கவனத்தோடு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

மனத்துக்குள் இருந்ததை நீதிமன்றம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மனத்தை நீதிமன்றம் பார்ப்பதில்லை, செயலைத்தான் பார்க்கிறது. எந்த ஆயுதம், அதை வீட்டிலிருந்தே எடுத்து வந்தாரா அல்லது சண்டையின்போது கைக்குக் கிடைத்ததை எடுத்தாரா, உடலின் எந்தப் பகுதியில் அடித்தார், எத்தனை முறை, எவ்வளவு வேகமாக, அதற்கு முன் என்ன பேசினார், அடித்த பிறகு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாரா அல்லது ரத்தக்கறை படிந்த சட்டையை எரித்தாரா என்பவற்றைக் கோத்துப் பார்த்து நோக்கம் இன்னது என்று முடிவுக்கு வருகிறது. இதனால்தான் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் காயத்தின் ஆழத்தைச் சொல்லும் ஒற்றை வரியைப் பற்றி அரைநாள் குறுக்கு விசாரணை நடக்கிறது.

இதில் இன்றும் வழிகாட்டியாக இருப்பது 1958-ஆம் ஆண்டின் விர்சா சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இருபது வயதைக் கடந்திருந்த இளைஞர் ஒருவர் ஈட்டியால் ஒரே ஒரு குத்துதான் குத்தினார். அது அடிவயிற்றில் இறங்கிக் குடல் வெளியே வந்தது. குத்துப்பட்டவர் மறுநாள் இறந்தார். கொல்லும் நோக்கம் அவருக்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று வாதிட்டார்கள். நீதிபதி விவியன் போஸ் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்தக் காயத்தை அந்த இடத்தில் ஏற்படுத்தும் நோக்கம் இருந்ததா என்பது மட்டுமே குற்றவாளியின் மனத்தைச் சார்ந்த கேள்வி. இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயமா அது என்பதை மருத்துவச் சான்றைக் கொண்டு புறநிலையாகத் தீர்மானிக்க வேண்டும். 'இவ்வளவு ஆழமாகப் போகும் என்று நினைக்கவில்லை' என்ற பதிலுக்கு இங்கே இடமில்லை. தவறுதலாக ஈட்டி வேறிடத்தில் பட்டது என்று காட்டினால்தான் நிலைமை மாறும். சிங்கப்பூரின் தண்டனைச் சட்டமும் இதே மரபில் வந்தது என்பதால், அங்கும் கொலை வழக்குகளில் இந்தத் தீர்ப்பு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது.

கொலைக்கும், 'கொலையாகாத மரணம் விளைவித்த குற்ற'த்துக்கும் என்ன வேறுபாடு?

மரணம் நேரும் வாய்ப்பு எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதும், அது செய்தவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதும்தான் வேறுபாடு. 100-ஆவது பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தையும், 101-ஆவது பிரிவு அதில் எவையெல்லாம் கொலை என்பதையும் சொல்கின்றன. கொலைக்கு 103-ஆவது பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. கொலை என்ற அளவை எட்டாதவற்றுக்கு 105-ஆவது பிரிவு இரண்டு படிகளை வைத்திருக்கிறது. நோக்கத்தோடு செய்திருந்தால் ஆயுள் சிறையோ, 5 முதல் 10 ஆண்டு வரையிலான சிறையோ கிடைக்கும். நோக்கமின்றி, விளைவு தெரிந்து செய்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. பழைய 304-ஆவது பிரிவில் முதல் படிக்குக் குறைந்தபட்சத் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. அந்த 5 ஆண்டு புதிதாக வந்தது. கவனக்குறைவால் நேர்ந்த மரணம் இவை இரண்டிலும் சேராது. அதற்குத் தனியாக 106-ஆவது பிரிவு இருக்கிறது.

ஆக, ஒரே விதமான ஒரு சாவுக்குத் தூக்கும் கிடைக்கலாம், சில மாதச் சிறையும் கிடைக்கலாம். இடையில் இருப்பது மனநிலையைப் பற்றிய சான்று மட்டுமே.

காட்டுப்பன்றிக்காக வைத்த மின்வேலியில் மனிதர் சிக்கி இறந்தால் எந்தப் பிரிவு?

தமிழ்நாட்டில் காட்டை ஒட்டிய ஊர்களிலும், கடலையும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிப் பகுதிகளிலும் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. மோட்டார் கொட்டகையிலிருந்தோ மேலே போகும் மின்கம்பியிலிருந்தோ கொக்கி போட்டு, வரப்பு ஓரமாக முழங்கால் உயரத்தில் வெற்றுக் கம்பியைக் கட்டிவிட்டு உழவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். இரவு தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரரோ, முயல் பிடிக்க வந்தவரோ, சில நேரங்களில் கம்பியைக் கட்டியவரின் குடும்பத்தாரோ அதில் சிக்கி இறக்கிறார்கள்.

இதற்கு மிக அருகில் நிற்கும் பழைய வழக்கு, 1964-இல் வெளியான செருபின் கிரிகோரி எதிர் பீகார் மாநிலம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பக்கத்து வீட்டுக் கழிப்பறையின் சுவர் இடிந்துவிட்டதால், அந்த வீட்டார் தம் கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கியதை விரும்பாத ஒருவர், அங்கே போகும் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டினார். எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை. அதில் பட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் இறந்தார். அந்தப் பெண் அத்துமீறி நுழைந்தவர், என் சொத்தைப் பாதுகாக்க எனக்கு உரிமை உண்டு என்று கம்பியைக் கட்டியவர் வாதிட்டார். அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவரைக் கொல்லக்கூடிய பொறியை மறைத்து வைக்க யாருக்கும் உரிமையில்லை என்று நீதிமன்றம் சொல்லி, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான பழைய 304-ஏ பிரிவில் அவருக்கு அளிக்கப்பட்ட தண்டனையை உறுதி செய்தது.

இன்றைய மின்வேலி வழக்குகளில் காவல்துறை சில இடங்களில் 106-ஐயும், சில இடங்களில் 105-இன் இரண்டாம் படியையும் போடுகிறது. வேலி ஆட்கள் நடமாடும் வரப்பில் இருந்ததா, ஊராருக்குச் சொல்லப்பட்டதா, முன்பே ஏதாவது உயிர் போயிருந்ததா என்பவற்றைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. மின்கம்பியிலிருந்து நேரடியாக இழுத்த மின்சாரம் பன்றியைக் கொல்லும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று கட்டியவருக்கு, அது மனிதரையும் கொல்லும் என்பது தெரியாது என்று சொல்வது நம்பும்படியாக இல்லை. இதைக் கவனக்குறைவு என்ற தட்டில் வைப்பதைவிட 'தெரிந்து செய்தது' என்ற தட்டில் வைப்பதே பொருத்தம் என்பது இதை எழுதுபவரின் கருத்து. விட்டுவிட்டுப் பாயும் குறைந்த ஆற்றல் கொண்ட சூரிய மின்வேலியின் கதை வேறு. அது அதிர்ச்சி தந்து விரட்டுவதற்காகவே செய்யப்படுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளையும் கொண்டுவந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயத்தில் உடலைத் தூக்கிக்கொண்டு போய் வேறு நிலத்திலோ கிணற்றிலோ போட்டுவிடுகிறார்கள். அது சாட்சியத்தை மறைத்த தனிக் குற்றம் (238-ஆவது பிரிவு). அதோடு நில்லாமல், நடந்ததன் பொறுப்பு தன்னுடையது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கும் அதுவே சான்றாகிவிடும்.

சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் ஓட்டுநருக்கு என்ன ஆகும்?

பெரும்பாலான வழக்குகளில் 281-ஆவது பிரிவும் (பொதுவழியில் தாறுமாறாக ஓட்டுதல்) 106(1)-உம் போடப்படும். 106(1)-இல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. பழைய சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. மருத்துவச் சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்ததாக இருந்தால் மட்டும் புதிய சட்டத்திலும் 2 ஆண்டுதான். அதிலும் கவனக்குறைவு கடுமையானதாக இருக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பியோடினால் 10 ஆண்டு வரை சிறை என்று சொல்லும் 106(2)-ஐ எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன்பின் அந்த உட்பிரிவை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற பிரிவுகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன.

எல்லா விபத்துகளும் இந்த அளவில் நின்றுவிடுவதில்லை. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், விடியற்காலை நான்கு மணி அளவில், குடித்துவிட்டு ஓட்டப்பட்ட கார் ஒன்று நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் இதைக் கவனக்குறைவாக மட்டுமே பார்த்து ஆறு மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றமோ, குடிபோதையில் அந்த வேகத்தில் ஓட்டினால் உயிர் போகும் என்பது ஓட்டியவருக்குத் தெரிந்திருந்தது என்று கொண்டு, பழைய 304-ஆவது பிரிவின் இரண்டாம் பகுதியின்கீழ் மூன்று ஆண்டு விதித்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. யாரையும் கொல்லும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. வழக்கு முழுவதும் 'தெரிந்திருந்ததா' என்ற ஒரு கேள்வியின்மீதுதான் நின்றது.

இழப்பீடு தனி வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி, யார்மீது தவறு என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார் என்பதால் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது.

போதையில் என்ன செய்தேன் என்றே தெரியாது. இது தற்காப்பு ஆகுமா?

அவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ பிறர் போதையை ஏற்றியிருந்தால் ஆகலாம் (23-ஆவது பிரிவு). தானாகக் குடித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. போதை இல்லாத ஒருவருக்கு என்ன தெரிந்திருக்குமோ அது அவருக்கும் தெரிந்திருந்ததாகவே 24-ஆவது பிரிவின்படி கொள்ளப்படும். நோக்கத்தை மட்டும் சூழ்நிலையையும் போதையின் அளவையும் பார்த்து முடிவு செய்வார்கள். 1956-ஆம் ஆண்டின் பாஸ்தேவ் வழக்கில், கல்யாண விருந்தில் உட்காரச் சற்று நகர்ந்துகொள்ளச் சொன்ன ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார், பையன் நகராததால் துப்பாக்கியை எடுத்து அவன் வயிற்றில் சுட்டார். அவர் தள்ளாடினார் என்றாலும் தானாக நடக்கவும் பேசவும் முடிந்தது, தப்பிக்கவும் முயன்றார். ஆகவே நோக்கம் கொள்ள முடியாத அளவுக்குப் போதை இருக்கவில்லை என்று கொலைத் தண்டனை உறுதியானது.

ஆத்திரத்தில் செய்தால் தண்டனை குறையுமா?

திடீரென்றும் கடுமையாகவும் தூண்டப்பட்டு, தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழந்த நிலையில் செய்தால், கொலை அடுத்த படிக்கு இறங்கும். இரண்டு சொற்களும் முக்கியம். தூண்டுதல் கடுமையாக இருந்தால் மட்டும் போதாது, திடீரென்றும் இருக்க வேண்டும். கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் இது நன்றாகத் தெரிகிறது. 1959 ஏப்ரலில், வேறொருவருடன் தனக்கு இருந்த உறவை மனைவி ஒப்புக்கொண்டதும் அவர் அப்போதே எதுவும் செய்யவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் திரையரங்கில் கொண்டுபோய் விட்டார். தன் கப்பலுக்குப் போய், பொய்க் காரணம் சொல்லிக் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வாங்கினார். அந்த மனிதரின் அலுவலகத்தில் தேடி, அங்கே இல்லாததால் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதற்கும் சுட்டதற்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவர் இடையில் செய்த ஒவ்வொரு காரியமும் நிதானத்தோடு செய்ததாக இருந்தது.

தண்ணீர்க் குழாயடியிலோ வரப்புத் தகராறிலோ முன்திட்டமில்லாமல் கைகலப்பாகி ஒருவர் இறந்தால், திடீர்ச் சண்டை என்ற இன்னொரு விதிவிலக்கு இருக்கிறது. அதற்கும் கொடூரமாக நடந்துகொண்டிருக்கக் கூடாது, நிலைமையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டிருக்கக் கூடாது என்ற வரம்புகள் உண்டு.

ஒருவரைக் குறிவைத்து, வேறொருவர் இறந்தால்?

கொலைதான். 102-ஆவது பிரிவு இதை நேராகவே சொல்கிறது. 1912-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த சூரியநாராயண மூர்த்தி வழக்கில், ஒருவரின் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து வைத்திருந்தவர் அவருக்கு நஞ்சு கலந்த அல்வாவைக் கொடுத்தார். அவர் கொஞ்சம் தின்றுவிட்டுப் பிடிக்காமல் எறிந்துவிட்டார். அந்த வீட்டிலிருந்த சிறுமி ஒருத்தி அதை எடுத்துத் தின்று இறந்தாள். அல்வாவை வாங்கித் தின்றவர் பிழைத்துக்கொண்டார். சிறுமியைக் கொல்ல எண்ணவே இல்லை என்பது உண்மையாக இருந்தும், அவளைக் கொலை செய்த குற்றவாளி என்றே பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. நீதிபதி சுந்தர ஐயர் மாறுபட்டார் என்பதையும் குறிப்பிட வேண்டும். எறிந்ததை வேறொருவர் எடுத்துத் தின்றதற்கும் கொடுத்தவர் பொறுப்பா என்ற அவருடைய ஐயம் அற்பமானதல்ல.

இறந்துவிட்டார் என்று நினைத்து உடலை மறைக்கும்போது உயிர் போனால்?

இது சட்ட மாணவர்களுக்கான புதிர் போலத் தோன்றினாலும், இரண்டு சென்னை வழக்குகளில் உண்மையாகவே நடந்தது. 1919-இல் முழு அமர்வு தீர்த்த பழனிக் கவுண்டன் வழக்கில், மனைவியைக் கொழுவால் தலையில் அடித்த கணவன், அவள் மயங்கி விழுந்ததும் இறந்துவிட்டாள் என்று நினைத்து, தற்கொலை போலக் காட்ட உத்தரத்தில் தூக்கில் தொங்கவிட்டான். அடியால் அவள் இறக்கவில்லை, தூக்கினால்தான் மூச்சுத் திணறி இறந்தாள். அடித்தபோது கொல்லும் நோக்கம் இல்லை, தொங்கவிட்டபோது பிணம் என்றே நினைத்தான் என்பதால், கொலையும் இல்லை, மரணம் விளைவித்த குற்றமும் இல்லை என்றது அமர்வு. கொடுங்காயம் விளைவித்ததற்கே தண்டனை கிடைத்தது. 1933-ஆம் ஆண்டின் காளியப்பக் கவுண்டன் வழக்கில் தொடக்கத்திலிருந்தே கொல்லும் நோக்கம் இருந்தது. அடித்தவர்கள் இறந்துவிட்டார் என்று எண்ணி உடலை ரயில் தண்டவாளத்தில் கிடத்தினார்கள். அங்கே முழுவதையும் ஒரே தொடர்செயலாகக் கொண்டு கொலை என்று தீர்ப்பு வந்தது. இரண்டு வழக்குகளையும் பிரிப்பது, முதல் அடி விழுந்த கணத்தில் இருந்த நோக்கம் மட்டுமே.

நான் கூட நின்றேன், அடிக்கவில்லை. எனக்கும் தண்டனையா?

இருக்கலாம். பொதுவான நோக்கத்தோடு சிலர் சேர்ந்து செய்தால், ஒவ்வொருவரும் தானே முழுவதையும் செய்ததுபோலப் பொறுப்பாவார் (பிரிவு 3(5)). ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோதமாகக் கூடினால் 190-ஆவது பிரிவு இன்னும் அகலமாக வலை வீசும். 1923-இல் கல்கத்தாவின் சங்கரிடோலா அஞ்சலகத்தில் கொள்ளையடிக்க வந்தவர்கள் அஞ்சலக அதிகாரியைச் சுட்டுக் கொன்ற வழக்கில், நான் வெளியே முற்றத்தில் நின்றேன் என்பதே பரேந்திர குமார் கோஷின் வாதம். அக்காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதை 1924-இல் நிராகரித்தது. அதேசமயம், வேடிக்கை பார்க்க நின்றவர் வேறு, காவலுக்கு நின்றவர் வேறு. ஊர்த் தகராறு வழக்குகளில் முதல் தகவல் அறிக்கையில் இருபது பெயர் எழுதப்படுவதும், அதில் பாதிப் பேர் அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லாதவர்களாக இருப்பதும் புதிதல்ல என்பதால், ஒவ்வொருவரின் பங்கையும் நீதிமன்றம் தனித்தனியாகத் தேடும்.

நினைத்தது மட்டுமே குற்றமா?

இல்லை. நினைப்பதும், பொதுவாக ஏற்பாடு செய்வதும் குற்றமல்ல. கூட்டுக்கொள்ளைக்கு ஏற்பாடு செய்வது போன்ற சில மட்டும் விதிவிலக்கு. முயற்சி என்ற கோட்டைத் தாண்டினால்தான் தண்டனை. உரிமம் இல்லாமல் பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு நெல் மூட்டைகளை ஏற்றிப் போன லாரி, டெல்லி எல்லைக்கு வெகு முன்பே சமால்காவில் மறிக்கப்பட்டது. எல்லையை அடைவதற்குள் அவர்கள் மனம் மாறித் திரும்பியிருக்கவும் கூடும் என்பதால் இது ஏற்பாடுதான், முயற்சி அல்ல என்று மல்கியத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொலை முயற்சிக்கு மட்டும் 109-ஆவது பிரிவில் 10 ஆண்டு வரையும், காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் வரையும் உண்டு.

நல்ல காரணத்துக்காகச் செய்தேன் என்றால்?

காரணம் வேறு, நோக்கம் வேறு. நோயின் வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல் பெற்ற பிள்ளைக்கு நஞ்சு கொடுத்தவரின் காரணம் இரக்கமாக இருக்கலாம், நோக்கம் உயிரைப் போக்குவதுதான். காரணம் தண்டனையின் அளவைக் குறைக்க உதவும், குற்றத்தை அழிக்காது. மறுபக்கமாக, நேரில் பார்த்த நம்பத்தகுந்த சாட்சி இருந்தால், காரணம் நிரூபிக்கப்படவில்லை என்பதால் வழக்கு விழுந்துவிடாது. சூழ்நிலைச் சான்றை மட்டுமே நம்பிய வழக்கில் அந்தக் குறை பெரிதாகத் தெரியும்.

ஆளைத் தவறாக நினைத்தேன், சட்டம் தெரியாது. இவை ஏற்கப்படுமா?

முதலாவது சில நேரங்களில் ஏற்கப்படும், இரண்டாவது ஏற்கப்படாது. 1958-இல் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், பேய் நடமாடுவதாகப் பெயர்பெற்ற பாழடைந்த விமானத்தளம் ஒன்றுக்கு, பழைய இரும்பு வாங்க வந்தவரோடு அவருடைய நேபாள வேலைக்காரரும் போனார். நள்ளிரவில் அங்கே ஒளி அசைவதையும் உருவங்கள் சுற்றுவதையும் கண்டு, பேய்கள் என்றே நம்பி, குக்ரிக் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்து வெட்டினார். அவர்கள் அரிக்கேன் விளக்கோடு இலுப்பைப் பூ பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள். ஒருவர் இறந்தார், வேறு சிலர் காயமடைந்தார்கள். வெட்டுவது பேயைத்தான் என்று அவர் நல்லெண்ணத்தோடு நம்பினார் என்பதை ஏற்று, ஒடிசா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததை உறுதி செய்தது (இன்றைய 17-ஆவது பிரிவு). இறந்த பெண்ணின் குடும்பத்துக்கு இந்தத் தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இதைப் படிக்க முடிவதில்லை.

நோக்கமே தேவைப்படாத குற்றங்கள் உண்டா?

உண்டு, அன்றாட வாழ்க்கையில் அவைதான் அதிகம். 1962 நவம்பரில் ஜூரிக்கிலிருந்து மணிலாவுக்குப் பறந்த ஜெர்மானியர் ஒருவர், உடுப்புக்குள் 34 கிலோ தங்கத்தோடு பம்பாயில் நின்ற விமானத்தில் உட்கார்ந்திருந்தார். வழிப்பயணத்தில் கொண்டுபோகும் தங்கத்தையும் விமானச் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற அறிவிப்பு, நான்கு நாளுக்கு முன்புதான் இந்திய அரசிதழில் வெளியாகியிருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அப்படியும், நாட்டின் பொருளாதாரத்தைக் காக்கும் சட்டத்தில் குற்ற மனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை சொன்னது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். தண்டனை அதுவரை சிறையில் கழித்த காலமாகக் குறைக்கப்பட்டது.

பணமில்லாமல் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு பாயும். வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பி, அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் வழக்குத் தொடரலாம். காசோலை திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பதிலுக்கு 140-ஆவது பிரிவு கதவை அடைத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்த பெற்றோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்தோம் என்றோ நிரூபிக்கும் சுமை பெற்றோர்மீதே இருக்கிறது.

கடனைத் திருப்பித் தராதது மோசடியா?

வாங்கும்போதே திருப்பித் தரும் எண்ணம் இல்லாதிருந்தால்தான் மோசடி (318-ஆவது பிரிவு). நல்ல எண்ணத்தோடு வாங்கிப் பிறகு தொழில் நொடித்துப்போய்த் தர முடியாமல் போனால் அது உரிமையியல் வழக்கு. பின்னால் வாக்குத் தவறியதை வைத்து, முன்னாலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று ஊகிக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியும், பணத்தை வசூலிக்கக் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கும் வழக்கம் குறையவில்லை.

எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டால் திருட்டு இல்லையா?

நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் எண்ணம் தேவையில்லை. 1952-இல் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிக் கழகத்தின் பயிற்சி வீரர் ஒருவர், அனுமதியின்றி ஹார்வர்ட் விமானத்தை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானில் போய் இறங்கினார். வழி தவறிவிட்டது என்றார். நேர்மையற்ற எண்ணத்தோடு சிறிது நேரத்துக்கு எடுப்பதும் திருட்டே என்று கே.என். மெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தெருமுனையில் நின்ற பைக்கை 'ஒரு சுற்றுக்கு' எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

குடும்பத்துக்குள் கொடுத்த வாக்கை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியுமா?

ஒப்பந்தச் சட்டத்தில் இதற்குப் பெயர்பெற்ற வழக்கு இலங்கையோடு தொடர்புடையது. இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஒருவர், மருத்துவர் சொன்னதால் இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். பின்னர் உறவு முறிந்து, மனைவி அந்தத் தொகைக்கு வழக்குப் போட்டார். கணவன் மனைவிக்கிடையே சொல்லிக்கொண்டதில் சட்டப்படி கட்டுப்படும் எண்ணம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று 1919-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் மனைவிக்கு எதிராகத் தீர்த்தது. அது பொது ஊகம் மட்டுமே. அண்ணன் தம்பிகள் பாகப் பிரிவினையை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் அந்த ஊகம் நிற்காது.

சிறுவர்களும் மனநோய் உள்ளவர்களும்?

ஏழு வயது நிரம்பாத குழந்தையின் செயல் குற்றமே அல்ல. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை, தான் செய்வதன் தன்மையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். மனநோயைப் பொறுத்தவரை, நோய் இருந்தது என்ற மருத்துவச் சீட்டு மட்டும் போதாது. செயல் நடந்த நேரத்தில் அதன் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய முடியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும் (22-ஆவது பிரிவு).

இலங்கையிலும் இதே விதிகள்தானா?

பெரும்பகுதி அப்படியே. இலங்கையின் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை இந்தியச் சட்டத்தின் வார்ப்பில் செய்யப்பட்டது. அங்கே மரணம் விளைவிக்கும் குற்றம் 293-இலும், கொலை 294-இலும், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 298-இலும் இருக்கின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய இந்திய எண்களான 299, 300 இன்றும் மாறாமல் இருக்கின்றன.

முதல் தகவல் அறிக்கையில் கொலை என்று எழுதிவிட்டார்கள். அதுவே இறுதியா?

இல்லை. அது கிடைத்த தகவலைக் கொண்டு முதல் நாளில் போட்ட பிரிவு. புலனாய்வில் அது மாறலாம். அடிபட்டவர் சிகிச்சையில் இறந்துவிட்டால் காயப் பிரிவு கொலைப் பிரிவாக மாற்றப்படுவதும், கொலை என்று போட்டது 105-ஆகக் குறைவதும் வழக்கமாக நடப்பவை. குற்றச்சாட்டை வனைவது அமர்வு நீதிமன்றம். தீர்ப்புக்கு முன்பு எந்த நிலையிலும் அதைத் திருத்தும் அதிகாரமும் அதற்கு உண்டு. கொலை என்று விசாரித்துவிட்டு, நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று கண்டால், தனியாகக் குற்றச்சாட்டு வனையாமலேயே சிறிய பிரிவில் தண்டிக்கலாம். ஆகவே முதல் வாரத்திலேயே வழக்கறிஞரிடம் கொண்டுபோக வேண்டியவை, அடிபட்டவரை யார் எந்த நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தார் என்று காட்டும் விபத்துப் பதிவேட்டின் நகல், 108 ஆம்புலன்சுக்கு அழைத்த கைப்பேசி எண், சம்பவ இடத்தில் கிடந்த பொருள் யாருடையது என்ற விவரம் போன்றவை.